அமெரிக்கப் பள்ளியில் பிள்ளைக்கு ஐ.இ.பி. வாங்குவது எப்படி: கடிதம் முதல் கையெழுத்து வரை

நாங்கள் கோவையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தபோது மகனுக்கு ஆறு வயது. முதல் வகுப்பில் சேர்ந்தான். அக்டோபர் பெற்றோர் சந்திப்பில், "இவன் வாசிக்கத் திணறுகிறான், ஏதாவது பரிசோதனை செய்ய முடியுமா?" என்று ஆசிரியையிடம் கேட்டேன். "புது நாடு, புது மொழி. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பொறுத்துப் பொறுத்து 14 மாதம் போனது. கடைசியில் விஷயத்தை நகர்த்தியது ஒரு பக்கக் கடிதம். அதை முதல் மாதமே எழுதியிருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐ.இ.பி. என்பது உங்கள் பிள்ளை ஒருவனுக்காகவே எழுதப்படும் கல்வித் திட்டம். ஐடியா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ், மூன்று வயதிலிருந்து 21 வயது வரை, குறைபாட்டால் சிறப்புக் கல்வி தேவைப்படும் தகுதியுள்ள பிள்ளைகளுக்குப் பொதுப்பள்ளி இதை இலவசமாகத் தர வேண்டும். டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு, பேச்சுத் தாமதம், ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு (ஏ.டி.எச்.டி.) எனப் பலவும் இதில் வரும். "எங்கள் பள்ளியில் எல்லாருக்குமே பர்சனலைஸ்டு லேர்னிங்தான்" என்று சொல்லும் பள்ளிகள் இப்போது அதிகம். அது பள்ளி விருப்பப்பட்டுச் செய்வது. ஐ.இ.பி. சட்டப்படி உங்களுக்கு வர வேண்டியது. இரண்டையும் ஒன்றென்று நினைத்ததுதான் எங்கள் முதல் தவறு.

நான் வழக்கறிஞர் அல்ல. இங்கே சொல்லும் நாள்கணக்கு நியூ ஜெர்சியுடையது. வேறு மாநிலம் என்றால் என்ன மாறும் என்பதை இடையில் சொல்கிறேன்.

1. வீட்டு மொழிப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "தமிழ்னு எழுதிடாதீங்க, ஈ.எஸ்.எல். வகுப்புல போட்டுடுவாங்க, பையன் பின்தங்கிடுவான்" என்றார். ஈ.எஸ்.எல். என்றால் ஆங்கிலம் புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கான வகுப்பு. நாங்களும் ஆங்கிலம் என்றே எழுதினோம். தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

விளைவு என்ன தெரியுமா? காகிதத்தில் அவன் ஆங்கிலம் பேசும் பிள்ளை. அதனால் மொழி உதவி கிடையாது. வகுப்பறையிலோ ஆங்கிலம் பழகாத பிள்ளை. அதனால் "பொறுத்துப் பார்ப்போம்". ஈ.எஸ்.எல். உதவியும் இல்லை, மதிப்பீடும் இல்லை, இரண்டுங்கெட்டான் நிலை.

தமிழ் என்று எழுதினால் ஆங்கிலத் திறனுக்கு ஒரு தேர்வு வைப்பார்கள். நியூ ஜெர்சியில் அது விடா என்ற அமைப்பின் தேர்வு. உதவி தேவைப்பட்டால் கொடுப்பார்கள், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, தேறியதும் வெளியே விடுவார்கள். அதில் எந்த அவமானமும் இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று: பின்னால் சிறப்புக் கல்வி மதிப்பீடு நடக்கும்போது, பிள்ளைக்கு எந்தெந்த மொழி எவ்வளவு காலமாகப் பழக்கம் என்பதை மதிப்பீட்டாளர் தெரிந்துகொண்டாக வேண்டும். படிவம் பொய் சொன்னால் மதிப்பீடும் பொய் சொல்லும்.

ஏற்கெனவே தவறாக எழுதிவிட்டீர்களா? பள்ளி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் திருத்தினோம்.

2. கேட்பதை எழுத்தில் கேளுங்கள்

வாயால் கேட்டதற்குக் கெடு கிடையாது. கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் பள்ளியின் கடிகாரம் ஓடத் தொடங்கும். நான் அக்டோபரில் ஆசிரியையிடம் கேட்டது, மார்ச்சில் தலைமையாசிரியரிடம் கேட்டது எதுவும் கணக்கில் வரவில்லை.

கடிதம் ஆங்கிலத்தில் அரைப் பக்கம் இருந்தால் போதும். அதில் இருக்க வேண்டியவை: தேதி, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வகுப்பு, சிறப்புக் கல்வித் தகுதிக்காகச் சைல்ட் ஸ்டடி டீம் (பள்ளியின் மதிப்பீட்டுக் குழு) மதிப்பீடு கோருகிறேன் என்ற நேரடியான ஒரு வாக்கியம், எந்தெந்த விஷயங்களில் சந்தேகம் என்ற பட்டியல் (வாசிப்பு, எழுத்து, பேச்சு, கவனம் எதுவானாலும்), மூன்று நான்கு எடுத்துக்காட்டுகள், உங்கள் கையெழுத்து, தொலைபேசி எண். "உதவி செய்தால் நன்றாக இருக்கும்" என்று குழைய வேண்டாம். மரியாதையாக, ஆனால் நேராகக் கேளுங்கள். இந்த இடத்தில் நம் ஊர்ப் பணிவு கொஞ்சம் இடைஞ்சல்தான். நான் எழுதிய முதல் வரைவில் மூன்று முறை மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

பள்ளி மாவட்டத்தின் (உங்கள் ஊர்ப் பொதுப்பள்ளிகளை நடத்தும் அமைப்பு) சிறப்புக் கல்வி இயக்குநருக்கு முகவரியிட்டு, பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு நகல் கொடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட தேதியை முத்திரையிட்டு வாங்குங்கள். இல்லையென்றால் சான்றுடன் கூடிய பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மின்னஞ்சலும் அனுப்பலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பொறி: "முதலில் வகுப்பறை அளவில் கொஞ்சம் கூடுதல் உதவி தந்து பார்ப்போம், அப்புறம் மதிப்பீடு" என்பார்கள். நியூ ஜெர்சியில் இதற்கு ஐ அண்ட் ஆர்.எஸ். என்று பெயர். உதவி தரட்டும், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப்போட முடியாது என்று கூட்டாட்சிக் கல்வித்துறை 2011-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. ஆங்கிலம் பழகும் பிள்ளை என்பதும் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. "இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும்" என்று சொல்லுங்கள்.

3. கோப்பு ஒன்றைத் தொடங்குங்கள்

கடிதம் போன அன்றே ஒரு தடிமனான கோப்பு வாங்கினேன். அதில் சேர்த்தவை:

- கோவைப் பள்ளியின் மதிப்பெண் அட்டைகள், இங்கே தந்த எல்லா அறிக்கைகளும்
- தேதியிட்ட வீட்டுப்பாடத் தாள்கள், குறிப்பாக அவன் கையால் எழுதியவை
- குழந்தை மருத்துவரின் குறிப்பு, கண், காது பரிசோதனை முடிவுகள்
- எந்த வயதில் என்ன மொழி பேசினான், எதில் எழுதப் படித்தான் என்று நானே எழுதிய ஒரு பக்கம்
- பள்ளியோடு நடந்த ஒவ்வொரு மின்னஞ்சலின் அச்சுப் பிரதி

கண், காது பரிசோதனையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் கூட்டம் தள்ளிப்போன குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம்விட எங்களுக்குக் கைகொடுத்த காகிதம், நாங்கள் கேட்காமல் வந்தது. அவன் ஞாயிற்றுக்கிழமை போகும் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியை, "ப, ம இரண்டையும் இன்னும் குழப்புகிறான். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்கிறான், அதே கதையை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் முடியவில்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைத்தோம். சிக்கல் ஆங்கிலத்தில் மட்டும் என்றால் அது மொழிப் பழக்கமாக இருக்கலாம். தாய்மொழியிலும் அதே திணறல் என்றால்? கூட்டத்தில் உளவியலாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

4. முதல் கூட்டமும் ஒப்புதல் கையெழுத்தும்

கடிதம் கிடைத்த 20 நாட்களுக்குள் கூட்டம் வைக்க வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் இந்த 20-இல் சேராது, ஆனால் கோடை விடுமுறை சேரும். "ஜூன் வந்துவிட்டது, செப்டம்பரில் பார்ப்போம்" என்றால் நம்பாதீர்கள். நான் டிசம்பர் 4-ஆம் தேதி கடிதம் கொடுத்தேன், கிறிஸ்துமஸ் விடுமுறை கழித்து ஜனவரி முதல் வாரத்தில் கூட்டம் வந்தது.

இந்தக் கூட்டத்தில் மதிப்பீடு தேவையா, என்னென்ன சோதனைகள் என்று முடிவு செய்வார்கள். பள்ளி உளவியலாளர், கற்றல் ஆலோசகர், சமூகப் பணியாளர் மூவரும் சேர்ந்தது சைல்ட் ஸ்டடி டீம். குறைந்தது இருவர் மதிப்பிட வேண்டும். பேச்சில் சந்தேகம் என்றால் பேச்சு நிபுணரும் வருவார். "சந்தேகமுள்ள எல்லாத் துறையிலும் சோதிக்க வேண்டும்" என்பது சட்டத்தின் சொல், அதையே நீங்களும் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றதும் பல மறுப்புகள் தானாகக் கரைந்துவிடும்.

நீங்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மதிப்பீடு, தகுதி முடிவு, ஐ.இ.பி. எழுதி நடைமுறைக்குக் கொண்டுவருவது எல்லாம் முடிய வேண்டும். கையெழுத்தைத் தள்ளிப்போட்டால் உங்கள் நாள்தான் போகும். மற்ற மாநிலங்களில் கணக்கு வேறு. கலிஃபோர்னியாவில் 15 நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் தந்து, நீங்கள் கையெழுத்திட்ட 60 நாட்களுக்குள் ஐ.இ.பி. கூட்டம் வைக்க வேண்டும். டெக்சாஸில் 15 பள்ளி நாட்களுக்குள் பதில், ஒப்புதலுக்குப் பின் 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கை, அதன்பின் 30 நாட்களுக்குள் கூட்டம். அங்கே அந்தக் கூட்டத்துக்கு ஏ.ஆர்.டி. என்று பெயர்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். செலவு பள்ளியுடையது. "நமக்குத்தான் ஆங்கிலம் தெரியுமே" என்று என் கணவர் வேண்டாம் என்றார். அலுவலக ஆங்கிலம் வேறு, இந்த ஆங்கிலம் வேறு. அம்மாவோ பாட்டியோதான் பிள்ளையோடு அதிக நேரம் இருக்கிறார்கள் என்றால், அவர்கள் தமிழில் பேசட்டும், அவர்கள் சொல்வது பதிவாகட்டும்.

5. மதிப்பீட்டை எந்த மொழியில் செய்கிறார்கள் என்று கேளுங்கள்

செய்யக்கூடியதாக இருக்கும்வரை, பிள்ளைக்கு எந்த மொழியில் சோதித்தால் சரியான விவரம் கிடைக்குமோ அந்த மொழியில் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்குத் தனிச் சோதனைகள் இருக்கின்றன. தமிழுக்கு அப்படிக் கிடைப்பது கடினம். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நாங்கள் மூன்று கேட்டோம்: சொற்களைச் சார்ந்திராத, வடிவங்களை வைத்துச் செய்யும் அறிவுத்திறன் சோதனையையும் சேர்க்க வேண்டும், பெற்றோர் நேர்காணலில் தமிழில் அவன் பேச்சும் வாசிப்பும் எப்படி என்று கேட்டு அறிக்கையில் எழுத வேண்டும், எந்தச் சோதனையின் முடிவு ஆங்கிலப் பழக்கத்தால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பீட்டாளர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள்.

இதில் இரண்டு பக்கமும் பள்ளம். ஆங்கிலம் போதாததையே குறைபாடு என்று முத்திரை குத்திவிடலாம். அது கூடாது என்று சட்டமே சொல்கிறது. அல்லது உண்மையான குறைபாட்டை "மொழிதான் காரணம்" என்று மூடிவிடலாம். நம் பிள்ளைகள் இரண்டாவது பள்ளத்தில்தான் அதிகம் விழுகிறார்கள் என்பது நான் பார்த்த வரையில் வந்த எண்ணம். ஒரு காரணம், இந்தியக் குடும்பத்துப் பிள்ளை என்றாலே கணக்கில் புலி, வீட்டில் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள் என்ற நினைப்பு. அதை நாமும் சிரித்துக்கொண்டே வளர்த்துவிடுகிறோம்.

தகுதிக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே அறிக்கைகள் உங்கள் கைக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே நினைவூட்டி எழுதுங்கள். கூட்டத்தில் முதல்முறையாக 30 பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவது நடக்கிற காரியமல்ல.

6. 504 திட்டம் போதும் என்றால் யோசியுங்கள்

"ஐ.இ.பி. எதற்கு, 504 தருகிறோமே" என்பது இன்னொரு சுலப வழி. 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்திலிருந்து வருவது அது. கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற சலுகைகள் கிடைக்கும். வேறு முறையில் கற்பித்தாக வேண்டிய பிள்ளைக்கு அது போதாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க இடைவேளை தேவைப்படும் பிள்ளைக்கு 504 சரி. எழுத்தை ஒலியோடு இணைக்கத் தெரியாத பிள்ளைக்குக் கூடுதலாக அரைமணி நேரம் கொடுத்து என்ன பயன்?

7. ஐ.இ.பி. வரைவை வரிவரியாகப் படியுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். எங்களுக்கு ஏப்ரல் பாதியில் வரைவு வந்தது. பார்க்க அழகாக இருந்தது. "அவனுடைய தேவைக்கேற்ப", "அவனுடைய வேகத்தில்" என்று பக்கத்துக்கு நாலு முறை. அவன் வேகத்திலேயே விட்டிருந்தால் எட்டாம் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பாடம் படித்துக்கொண்டிருப்பான்.

முதலில் தற்போதைய நிலை என்ற பகுதியைப் பாருங்கள். "வாசிப்பில் சிரமப்படுகிறான்" என்று இருந்தால் ஏற்காதீர்கள். எண் வேண்டும். எங்கள் மகனுக்கு அது, முதல் வகுப்புத் தரப் பத்தியில் நிமிடத்துக்கு 31 சொல். இந்த எண் இல்லாமல் அடுத்த வருடம் முன்னேறினானா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது இலக்கு. எங்களுக்கு வந்தது: "வாசிப்பில் 80 சதவீதத் துல்லியத்துடன் முன்னேற்றம் காட்டுவான்." எதில் 80 சதவீதம்? எந்த வகுப்புப் பத்தியில்? யார் அளப்பது, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? கேட்டதும் அறையில் கொஞ்சம் அமைதி. கடைசியில், இரண்டாம் வகுப்புத் தரப் பத்தியில் அடுத்த ஏப்ரலுக்குள் நிமிடத்துக்கு 75 சொல், 95 சதவீதத் துல்லியம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து எங்களுக்கு அனுப்புவது என்று மாறியது.

இதிலும் ஒரு கணக்குப் பாருங்கள். அடுத்த ஏப்ரலில் அவன் மூன்றாம் வகுப்பில் இருப்பான். ஒரு வருடத்தில் ஒரு வருட வளர்ச்சி என்று இலக்கு வைத்தால் இடைவெளி அப்படியே இருக்கும். ஒரு வருடத்துக்கும் மேலான வளர்ச்சிக்கு எவ்வளவு கற்பிக்க வேண்டும் என்று கேட்டுத்தான் நாங்கள் வாரத்துக்கு மூன்று நாளை ஐந்து நாளாக்கினோம். பேருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கு ஏற்ற முன்னேற்றம் கிடைக்கும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு கொலராடோ வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதைக் கூட்டத்தில் சண்டைக்காகச் சொல்ல வேண்டாம், மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

மூன்றாவது, சேவை. வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், எத்தனை பேர் கொண்ட குழு, கற்பிப்பவருக்கு என்ன பயிற்சி, அந்த நேரத்தில் வகுப்பில் எந்தப் பாடத்தை இழக்கிறான்? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள். எங்கள் மகனை அறிவியல் நேரத்தில் வெளியே அழைப்பதாக இருந்தது. அவனுக்குப் பிடித்த ஒரே பாடம் அதுதான். மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள்.

பொறி, பெரியது: பிள்ளையின் அளவுக்குத் தக்கபடி பாடம் தரும் கணினி மென்பொருளையே சேவையாக எழுதிவிடுவார்கள். தவறாக விடை சொல்லச் சொல்ல அது பாடத்தை எளிதாக்கிக்கொண்டே போகும். மற்ற பிள்ளைகள் ஆசிரியரோடு கதையை அலசிக்கொண்டிருக்க, உங்கள் பிள்ளை காதில் ஹெட்போனோடு மூலையில் குமிழிகளை உடைத்துக்கொண்டிருப்பான். மென்பொருள் பயிற்சிக்குத் துணையாக இருக்கலாம். ஐ.இ.பி.யில் இருக்க வேண்டியது மனிதர் கற்பிக்கும் நிமிடங்கள்.

நான்காவது, இரண்டு ஆங்கிலச் சொற்களை வேறுபடுத்திப் பாருங்கள்: அக்காமடேஷன், மாடிஃபிகேஷன். முதலாவது வழியை மாற்றுவது. அதே கதையை ஒலிப்புத்தகமாகக் கேட்கிறான், அதே கேள்விக்கு வாயால் விடை சொல்கிறான். இரண்டாவது பாடத்தையே குறைப்பது. மற்றவர்களுக்குப் பத்துக் கருத்து, இவனுக்கு நான்கு. சில பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே தேவை. ஆனால் தேவையில்லாத பிள்ளைக்கு அது சத்தமில்லாமல் கதவை மூடுவது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது பள்ளி முடிக்கும் சான்றிதழே (டிப்ளமா) பாதிக்கப்படலாம். எங்கள் வரைவில் மூன்று மாடிஃபிகேஷன் இருந்தன. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வேறொரு பிள்ளையின் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியது போலத்தான் தெரிந்தது.

8. அன்றே கையெழுத்துப் போடாதீர்கள்

கூட்டத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள். வருகைக்கான கையெழுத்தா, ஒப்புதலா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். வரைவை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கலாம். முதல் ஐ.இ.பி. உங்கள் எழுத்து ஒப்புதல் இல்லாமல் தொடங்காது.

அடுத்த வருடங்களில் கதை வேறு. நியூ ஜெர்சியில் பின்னால் வரும் மாற்றங்களுக்கு நீங்கள் கையெழுத்தே போடாவிட்டாலும், எழுத்து அறிவிப்பு வந்து 15 நாட்களுக்குள் மாநில அளவில் சமரசமோ விசாரணையோ கோராவிட்டால், அது தானாக நடைமுறைக்கு வந்துவிடும். "நான் கையெழுத்துப் போடவில்லையே" என்று இருந்த ஒரு நண்பர், மகளின் பேச்சுப் பயிற்சி பாதியாகக் குறைந்ததை ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தார். பள்ளியிலிருந்து வரும் உறையை அன்றே பிரியுங்கள்.

9. செலவு

பள்ளி செய்யும் மதிப்பீடு, கூட்டம், மொழிபெயர்ப்பாளர், சேவை எல்லாமே இலவசம். இந்த வழியில் எங்கள் கையிலிருந்து போனது பதிவுத் தபால், நகல், கோப்பு என்று 40 டாலருக்குள்.

வெளியே தனியாரிடம் நரம்பியல் உளவியல் மதிப்பீடு செய்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். கல்விக்கான சோதனை என்றால் பெரும்பாலும் காப்பீடு கைவிரித்துவிடும். அதனால் முதலில் பள்ளி மதிப்பீடு, அதில் உடன்பாடில்லை என்றால் பள்ளிச் செலவிலேயே சுயேச்சை மதிப்பீடு என்ற வரிசையில் போங்கள். எழுத்தில் கேட்டால், நியூ ஜெர்சியில் 20 நாட்களுக்குள் மாவட்டம் ஒன்று பணம் தர ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியென்று நிரூபிக்க விசாரணைக்குப் போக வேண்டும். நாங்கள் பதற்றத்தில் முதலிலேயே தனியாரிடம் போய் 2,800 டாலர் கொடுத்தோம். பள்ளி அதைப் பரிசீலிக்க வேண்டும், ஆனால் அப்படியே ஏற்க வேண்டும் என்றில்லை. எங்களுக்கு அது அப்போது தெரியாது.

ஒலிப்புத்தகத்துக்குக் காசு கொடுக்குமுன் இணைய நூலகமான புக்‌ஷேரைப் பாருங்கள். அச்சு வாசிப்பில் தடையுள்ள, தகுதி பெற்ற அமெரிக்க மாணவர்களுக்கு இலவசம். பள்ளி வழியாகவே பதிவு செய்யலாம்.

கூட்டம் முடிந்ததும் மெடிக்கெய்ட் (அரசு மருத்துவ உதவித் திட்டம்) ஒப்புதல் படிவம் ஒன்று தரலாம். பள்ளி தன் செலவில் கொஞ்சத்தை அரசிடம் திரும்பப் பெறுவதற்கானது அது. விருப்பமில்லை என்று எழுதினாலும் சேவை நிற்கக் கூடாது.

10. "கிரீன் கார்டுக்குச் சிக்கல் வருமா?"

எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதற்குத்தான். சிறப்புக் கல்வி என்பது பொதுப்பள்ளிக் கல்வியின் பகுதி, குடியேற வருபவர் அரசு உதவியை நம்பி வாழ்வாரா என்று பார்க்கும் பொதுச்சுமைக் கணக்கில் வருவதல்ல. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைக்குப் பள்ளிக் கதவை அடைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. எச்-4-இல் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கும் குடியுரிமை உள்ள பிள்ளைக்கும் ஐ.இ.பி. உரிமையில் வேறுபாடில்லை.

11. மதிப்பெண் அட்டையை நம்பி இருந்துவிடாதீர்கள்

பல தொடக்கப் பள்ளிகளில் இப்போது ஏ, பி இல்லை. திறன்வாரியாக 1 முதல் 4 வரை தருகிறார்கள். நல்ல முறைதான், எந்தத் திறனில் நிற்கிறான் என்று தெரியும். ஆனால் ஐ.இ.பி. வந்த பிறகு எங்கள் மகனுக்கு எல்லாவற்றிலும் 3 வந்தது. வீட்டில் பாயசம் வைத்தோம். அப்புறம்தான் கேட்டேன்: இந்த 3 வகுப்பின் தரத்தோடு ஒப்பிட்டா, அவனுக்கென்று குறைத்த அளவோடு ஒப்பிட்டா? இரண்டாவதுதான். அவனுக்குத் தந்த எளிய பத்தியில் அவன் 3.

அதன்பிறகு இரண்டு எண்ணையும் தனித்தனியே கேட்டு வாங்குகிறேன்: அவன் இலக்கை நோக்கி எங்கே இருக்கிறான், வகுப்புத் தரத்திலிருந்து எவ்வளவு தூரம். இலக்குகளின் முன்னேற்ற அறிக்கை எப்போதெல்லாம் வரும் என்று ஐ.இ.பி.யிலேயே எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் மதிப்பெண் அட்டையோடு வரும். ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. நடுவில் தேக்கம் தெரிந்தால் ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டாம், எழுதிக் கேட்டு எப்போது வேண்டுமானாலும் கூட்டம் வைக்கச் சொல்லலாம்.

12. ஒத்துவரவில்லை என்றால்

முதலில் கூட்டம். பிறகு மாநிலக் கல்வித்துறை வழியாகச் சமரசம், இலவசம். சட்டம் மீறப்பட்டிருந்தால் ஓராண்டுக்குள் மாநிலத்துக்குப் புகார் எழுதலாம்; 60 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. விசாரணை கடைசி வழி, வழக்கறிஞர் வைத்தால் செலவு கனமாகும். அதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு மாநிலத்திலும் பெற்றோருக்கு இலவசமாக வழிசொல்லக் கூட்டாட்சி நிதியில் நடக்கும் மையம் இருக்கிறது. நியூ ஜெர்சியில் அது ஸ்பான். நாங்கள் அங்கே தொலைபேசியில் பேசிய பிறகுதான் அந்த முதல் கடிதத்தை எழுதினோம்.

13. ஊர் மாறும்போது

வேலை மாறி வேறு மாநிலம் போனால், புதிய மாவட்டம் தன் மதிப்பீட்டையும் திட்டத்தையும் முடிக்கும்வரை பழைய ஐ.இ.பி.க்கு ஈடான சேவையைத் தர வேண்டும். பள்ளி கோப்பை அனுப்பும் என்று காத்திருக்காமல், மதிப்பீட்டு அறிக்கைகளோடு ஒரு முழு நகலைக் கைப்பையில் எடுத்துப் போங்கள், லாரியில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம்.

இந்தியாவுக்கே திரும்புவதென்றால் ஐ.இ.பி.க்கு அங்கே சட்டப் பலம் கிடையாது. ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு அங்கே மருத்துவச் சான்று புதிதாக வாங்க வேண்டும். இங்கே எடுத்த அறிக்கைகள் அந்த மருத்துவரிடம் காட்ட உதவும். புறப்படுவதற்கு முந்தைய மாதம் பள்ளியிலிருந்து எல்லா மூல அறிக்கைகளையும் எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். கோடையில் அலுவலகத்தில் ஆள் குறைவு.